முதியவர் என்ன கிழமரமா?

பால்வெட்டும் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இளமரத்தில் உளி வைக்கும்போது மண்டோர் பக்கத்திலேயே நிற்பார். பட்டையைத் தடிப்பாகச் சீவக் கூடாது, உள்மரத்தில் காயம் படக் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. காயம் பட்டால் பிரட்டுக் களத்தில் நாலு பேர் முன்னிலையில் வசவு கேட்க வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் சாய்த்துத் தள்ளப் போகும் கிழமரம் என்றால் கதையே வேறு. ஏணி போட்டு மேலேயும் வெட்டலாம், கீழேயும் வெட்டலாம். கடைசிச் சொட்டு வரையில் இழுத்துக் கொள்ளலாம். கேட்பாரில்லை.

மரத்துக்கு இது தொழில் முறை. அதில் குற்றமில்லை. ஆனால் இதே முறையை மனிதரிடம் காட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? உழைத்து ஓய்ந்த கிழவர், கண் தெரியாத மூதாட்டி, புத்தி வளராத பிள்ளை, ஊன்றுகோல் இல்லாமல் எழ முடியாதவர், இவர்களிடமிருந்து கிடைக்கும் வரையில் பறித்துக் கொண்டு, கிடைக்காத நாளில் கைநீட்டி அடிக்கும் கொடுமை நடக்கிறதா, இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் தோழர்களே!

இப்படிப்பட்ட குற்றத்துக்குச் சாதாரணத் தண்டனை போதாது, இரண்டு மடங்கு வரை கொடுக்கலாம் என்று சிங்கப்பூர் சட்டம் செய்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி அங்கே நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2020 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த குற்றவியல் சட்டச் சீர்திருத்தத்தில் இது அடங்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தை நாம் வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு, அதனால் மட்டும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்ல விரும்புகிறோம்.

பாலத்துக்கு அப்பால் நடப்பது நமக்கெதற்கு?

"சிங்கப்பூர் சட்டத்தைப் பற்றித் தோட்டத் தொழிற்சங்கப் பத்திரிகைக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூர் நமக்கு அயலூர் அல்ல. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்து இறங்கியதே அந்த ஊர்த் தாவரவியல் தோட்டத்தில்தான். நீசூன், செம்பவாங், மண்டாய் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. இன்று அந்த இடங்களில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. நம் ஜோகூர்த் தோட்டங்களிலோ பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து வேலைக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் நின்று பாருங்கள். நாலு முகத்தில் ஒரு முகமாவது தெரிந்த முகமாக இருக்கும். பிள்ளைகள் அங்கே, பெற்றவர்கள் இங்கே; அல்லது பெற்றவர்களையும் அங்கேயே அழைத்துக் கொண்டு போய்ப் பத்தாவது மாடியில் குடிவைத்திருக்கிறார்கள். 2030-ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர் 65 வயதுக்கு மேற்பட்டவராயிருப்பார் என்று அந்த அரசாங்கமே கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இது நம் வீட்டு விஷயந்தான்.

சட்டம் பிறந்த கதை

2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் 26 வயதுப் பெண் ஒருவர் இறந்து போனார். அறிவு வளர்ச்சி குறைந்தவர். ஒரு கணவனையும் மனைவியையும் நண்பர்கள் என்று நம்பி அவர்கள் வீட்டில் தங்கியிருந்தவர். அந்த இருவரும் அவரை மாதக்கணக்கில் அடித்தார்கள். விலா எலும்பு பல இடங்களில் முறிந்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். திருப்பி அடிக்கத் தெரியாத, ஓடிப் போகத் தெரியாத, யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியாத ஓர் உயிரை அணு அணுவாக வதைத்துக் கொன்ற வழக்கு அது.

2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மனைவிக்கு 16 வருஷம் 6 மாதம் சிறை. கணவனுக்கு 14 வருஷச் சிறையும் 14 பிரம்படியும். "இவ்வளவுதானா?" என்று ஊரே கேட்டது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனுச் செய்தார்கள். கொலை செய்யும் எண்ணத்தை நிரூபிக்கச் சாட்சியம் போதாததால், கொடுங்காயம் விளைவித்த குற்றத்தையே சாட்ட முடிந்தது என்று தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் விளக்கம் சொல்லிற்று. கொடுங்காயக் குற்றம் ஒன்றுக்கு அதிகபட்சம் 10 வருஷம். அடிபட்டவர் பலசாலியான ஓர் ஆண்பிள்ளையாயிருந்தாலும் அதே 10 வருஷந்தான். புத்தி வளராத ஒரு பெண்ணாயிருந்தாலும் அதே 10 வருஷந்தான். இங்கேதான் சட்டத்தின் ஓட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. வீட்டுப் பணிப்பெண்களை அடிக்கும் எசமானர்களுக்கு ஒன்றரை மடங்குத் தண்டனை என்று 1998-இலேயே சிங்கப்பூர் சட்டம் செய்தது. நாலு சுவருக்குள் அகப்பட்டுக் கொண்டவருக்கு விசேஷப் பாதுகாப்பு வேண்டும் என்ற நியாயம் அப்போதே ஒப்புக் கொள்ளப்பட்டாயிற்று. அந்த நியாயத்தை முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் நீட்டியதுதான் 2019-ஆம் வருஷச் சட்டம். அப்போது உள்துறைக்கும் சட்டத்துறைக்கும் அமைச்சராயிருந்தவர் திரு. கா. சண்முகம்.

சட்டம் சொல்வதென்ன?

உடல் அல்லது மனத் தளர்ச்சியாலோ, ஊனத்தாலோ, இயலாமையாலோ தன்னைத் தானே காத்துக் கொள்ள முடியாத ஒருவருக்கு எதிராகத் தண்டனைச் சட்டத்திலுள்ள குற்றத்தைச் செய்தால், அந்தக் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையின் இரண்டு மடங்கு வரை நீதிபதி விதிக்கலாம். 10 வருஷம் என்பது 20 வரை போகலாம். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், பணிப்பெண்களுக்கும், குடும்பத்துக்குள்ளேயே அடிபடுகிறவர்களுக்கும் இதே வகையான பாதுகாப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரைத் தொடர்ந்து கொடுமை செய்து சாகடித்தால், கொலை எண்ணத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், 20 வருஷம் வரை சிறை என்று தனிக் குற்றம் ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் அதே வீட்டில் இருந்துகொண்டு தடுக்காமல் சாக விட்டவரும் குற்றவாளியே என்று இன்னொரு பிரிவு கூறுகிறது.

இதில் இரண்டு விஷயங்களை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது: சட்டம் வயதைக் கணக்குப் பார்க்கவில்லை, இயலாமையைத்தான் பார்க்கிறது. எழுபது வயதிலும் நிரை பிடித்து வெட்டிய கிழவர்களை நாம் அறிவோம். அவர்களிடம் போய் "நீங்கள் குழந்தை மாதிரி" என்று சொன்னால் உளியைத் தூக்கிக் கொண்டு வருவார்கள்! நரைத்தவர்களையெல்லாம் கையாலாகாதவர்கள் என்று சட்டம் முத்திரை குத்தாதது நல்லதே. அதே சமயம், முப்பது வயதிலேயே பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது: "இரண்டு மடங்கு வரை" என்றுதான் இருக்கிறதேயொழிய, கட்டாயம் இரண்டு மடங்கு என்றில்லை. எதிராளி இயலாதவர் என்பது தெரியாமலும், தெரிந்து கொள்ள வழியில்லாமலும் செய்தவருக்கு இந்தக் கூடுதல் பளு கிடையாது. தெரிந்தே, இவர் திருப்பிக் கேட்க மாட்டார் என்ற தைரியத்தில் செய்தவனுக்கே இது. அதுதான் முறை. பலவானோடு சண்டை போடுகிறவன் தானும் நாலு அடி வாங்கத் துணிந்து வருகிறான். கட்டிலில் கிடப்பவரை அடிக்கிறவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவனுக்கு இல்லாத பயத்தைச் சட்டமாவது உண்டாக்கட்டும்.

யார் வாய் திறப்பது?

ஆனால் தோழர்களே, தண்டனை எத்தனை மடங்கானாலும் வழக்கு வந்தால்தானே? வழக்குக்குப் புகார் வேண்டும். புகார் கொடுக்க முடியாதவரைப் பாதுகாக்கத்தானே இந்தச் சட்டம்? அவருக்காக வாய் திறப்பது யார்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

சிங்கப்பூரிலேயே நடந்த இன்னொரு வழக்கைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவன், நினைவு மங்கத் தொடங்கிய ஒரு முதிய விதவையோடு ஒட்டிக் கொண்டு, அவர் வீட்டிலேயே குடியேறி, 11 இலட்சம் வெள்ளியைக் கையாடினான். 2014-இல் அந்த அம்மாளின் உறவுக்காரப் பெண் ஒருவர் துணிந்து வழக்குத் தொடுத்தார். அதன் பிறகே எல்லாம் வெளியே வந்தது. நம்பிக்கை மோசடிக்கு முதலில் 6 வருஷம் விதித்தார்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2017 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதை 9 வருஷமாக உயர்த்தியது. புதிய சட்டம் வருமுன்பே நடந்த காரியம் இது. ஒரு பெண் கேள்வி கேட்டார். பழைய சட்டமே வேலை செய்தது. முதலில் சொன்ன வழக்கிலோ, காலத்தோடு தடுத்து நிறுத்த ஒரு கை வரவில்லை.

இந்தியாவிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. வயதான பெற்றோரைக் கைவிட்டு ஓடினால் மூன்று மாதம் வரை சிறை என்று 2007-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஊனமுற்றவரைத் தாக்கினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்று 2016-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அங்கேயும் அடிபட்டவர் சார்பில் ஒருவர் எழுந்து நின்றால்தான் சட்டம் எழுந்து நிற்கும். இல்லாவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நம் குற்றத்தையும் சொல்லி விடுகிறோம்

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் முதுகையும் காட்டிவிட வேண்டும் அல்லவா? நாம் கிராணி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் வேண்டாம். 34 வருஷம் பால்வெட்டியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்து, வாயும் குழறிப் போயிற்று. அண்ணன் மகன் வீட்டில் இருந்தார். சேமநிதிப் பணத்தை எடுக்க அந்த மகன் அவரை ஆபீசுக்கு அழைத்து வந்தான். மனுத்தாளை நிரப்பிக் கொடுத்தது நாமேதான். "மாமா, சம்மதந்தானே?" என்று கேட்டோம். பெரியவர் நம்மைப் பார்க்கவில்லை. அண்ணன் மகனைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அந்தப் பார்வையை நாம் கண்டோம். கண்டும், வேலை முடிந்தால் போதுமென்று அடுத்த தாளை எடுத்தோம்.

மூன்று மாதத்தில் பணம் போன இடம் தெரியவில்லை. பெரியவரின் படுக்கை அடுப்படிச் சாய்ப்புக்கு மாறியது. கையிலும் கன்னத்திலும் காயம். கேட்டால், குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார் என்று பதில். குழாயடியில் பெண்கள் முணுமுணுத்தார்கள். நாமோ, "குடும்ப விவகாரம், நமக்கெதற்கு?" என்று இருந்துவிட்டோம். சம்பளத்தில் ஐந்து வெள்ளி குறைந்தால் துரையின் மேசையைத் தட்டிப் பேசும் நாம், லயத்தில் ஒரு மனிதன் அடிபடுவதைப் பேசவில்லை!

தீபாவளிக்கு வந்த அவர் மனைவி வழி உறவுப் பெண் ஒருவர், சிங்கப்பூரில் துப்புரவு வேலை செய்பவர், யாரையும் கேட்கவில்லை. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போலீசில் புகாரும் கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள் லயத்தில் 14 வீட்டுக் கதவையும் தட்டினார்கள். முதல் நாள் ஒருவரும் ஒன்றையும் பார்க்கவில்லையாம்! மறுநாள் ஆயக்கொட்டகை ஆயா ஆபீசு வாசலில் வந்து நின்றார். "கிராணி ஐயா, ராத்திரியிலே அந்த மனுசன் முனகுறது எனக்குக் கேட்டுச்சு. நாலு வீடு தள்ளியிருக்கிற எனக்கே கேட்டுச்சு. எங்கே வந்து சொல்லணும், சொல்லுங்க" என்றார். அவர் ஒருவர் சொன்ன பிறகே புகாருக்குக் கால் முளைத்தது. பிறகு மற்றவர்களும் பேசினார்கள். நாமும் பேசினோம், மூன்று மாதம் பிந்தி.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். அந்தப் பெண் இப்போது ஜோகூர் பாருவில் வீடு எடுத்து அவரை வைத்திருக்கிறார். சாமி கும்பிட அழைத்து வந்திருந்தார். பெரியவர் நம்மை அடையாளம் கண்டு இடது கையால் நம் கையைப் பிடித்துக் கொண்டார். கோபமில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று குழறியபடி கேட்டார். நமக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பிள்ளை ஜெயிலுக்குப் போனால் சோறு யார் போடுவது?"

இப்படிக் கேட்கும் முதியவர்கள் உண்டு. இதை அலட்சியம் செய்ய முடியாது. அடிக்கிறவனே ஆக்கிப் போடுகிறவனுமாயிருந்தால், அடியைப் பொறுத்துக் கொள்கிறார்கள். தண்டனையை இரட்டித்தால் இவர்கள் வாயை இன்னும் இறுக மூடிக் கொள்வார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அதற்கு விடையும் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. இயலாத பெரியவர்களைக் காக்க அங்கே 2018-இல் தனிச் சட்டம் ஒன்று நிறைவேறி, அவ்வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. 18 வயதுக்கு மேற்பட்ட, தம்மைக் காத்துக் கொள்ள முடியாத எவருக்கும் அது பொருந்தும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகள் வீட்டுக்குள் போய் விசாரிக்கலாம். ஆபத்து என்று கண்டால் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போகலாம். கொடுமை செய்பவர் கிட்டே வரக் கூடாதென்று நீதிமன்றம் கட்டளையிடலாம். புத்திமதி கேட்டுவரும்படியும் கட்டளையிடலாம். ஆகவே, வாய் திறந்தால் அடுத்த நாளே பிள்ளைக்குச் சிறை, தனக்குத் தெருத் திண்ணை என்று கிழவர் அஞ்ச வேண்டியதில்லை. தண்டனைச் சட்டம் ஒரு கை என்றால் இந்தச் சட்டம் மறு கை. ஒரு கையால் ஓசை எழாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இராப்பகலாகத் தூக்கமில்லாமல் படுக்கை மாற்றி, மலம் துடைத்து, மறுநாள் வேலைக்கும் ஓடுகிற மகள், களைப்பில் ஒரு சுடுசொல் சொல்லிவிடுகிறாள். அவளும், பணத்தைப் பிடுங்கிக் கொண்டு பட்டினி போடுகிறவனும் ஒன்றல்ல. அவளுக்கு வேண்டியது உதவி. சிங்கப்பூரில் 2019 முதல், வீட்டிலேயே பராமரிப்பவர்களுக்கு மாத மானியம் தருகிறார்கள். தண்டனையைக் கூட்டுகிற அரசாங்கம், பராமரிக்கிறவரின் சுமையையும் குறைக்கத்தான் வேண்டும். நம் பக்கத்திலும் நம் சங்கம் இதைக் கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கம் செய்வது ஒருபுறமிருக்கட்டும். நாம் இன்றே செய்யக் கூடியவை மூன்று.

ஒன்று: ஒவ்வொரு கிளைக் கமிட்டியும் தன் தோட்டத்திலுள்ள ஓய்வு பெற்றவர்கள், ஊனமுற்றவர்கள் பெயர்களை எழுதி வைத்து, மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து, அவரோடு தனியாக நாலு வார்த்தை பேசிவிட்டு வரவேண்டும். சந்தா வசூலிக்க ஏறும் படி, இதற்கு ஏறக் கூடாதா?

இரண்டு: கிராணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதியவரோ இயலாதவரோ கைநாட்டு வைக்க வந்தால், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லுங்கள். தாளில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பணம் யார் கைக்குப் போகிறது என்று அவர் வாயால், வாய் வராவிட்டால் சைகையால், சொல்லச் செய்யுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை நாம் கொடுக்கத் தவறியதைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

மூன்று: சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் 1800-777-0000 என்ற எண்ணைக் குறித்து வைத்துக் கொள்ளட்டும். வன்முறைக்கு ஆளானவர்களுக்காக இரவும் பகலும் இயங்கும் தேசிய உதவித் தொலைபேசி அது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் முனகினால், அது யார் மொழியில் முனகினாலும், பேசுங்கள். தவறாக எண்ணிவிட்டோம் என்று பிறகு தெரிந்தால் ஒரு மன்னிப்போடு போயிற்று. பேசாதிருந்தது தவறென்று பிறகு தெரிந்தால் எதைக் கொடுத்து ஈடு செய்வது?

சங்கம் என்பது பலமுள்ளவர்கள் மேலும் பலம் தேடிக் கொள்வதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. தனியாக நின்றால் தோற்றுப் போகிறவருக்குப் பக்கத்தில் நாலு பேர் நிற்பதற்காக ஏற்பட்டது. நிரை பிடிக்க முடியாமல் போனவர் நம் அங்கத்தினர் அல்ல என்று சந்தாப் புத்தகம் சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பள விஷயம் பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். நம் லயத்துப் பெரியவர்களின் பெயர்ப் பட்டியலையும் அன்றே எழுதி முடித்துவிட்டுப் போவோம்.